கவ்வாத்தா, கன்றா? ஒரு பழைய கம்ப்யூட்டரின் கதை

பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் எங்கள் வாசிப்பு அறை மூலையில ஒரு டெஸ்க்டொப் இருக்கு. 2009 வாக்கில் வந்தது, ரெண்டு ஜீபி ரேம். பட்டனை அமத்திட்டு லயத்துக்குப் போய் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தாலும் திறந்து முடிஞ்சிருக்காது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட்டா வேற இல்ல. கையில கொஞ்சம் சேர்த்த காசு. ரேம் போடுவமா, வேணாமா?

முதல்ல ஒன்னு: மெஷின் கிழடாகி மெதுவாகல. நாங்க அதுகிட்ட கேட்கிற வேலைதான் கூடிப்போச்சு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 எம்பி ரேம் போதும். 2009இல் விண்டோஸ் 7 ஒரு ஜீபி கேட்டது. 2021இல் விண்டோஸ் 11 நான்கு ஜீபி கேட்டது. இருபது வருடத்தில் 64 மடங்கு. அதே 2021இல்தான், பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது.

ஒருகாலத்தில் நினைவகம் என்றால் சின்னச் சின்னக் காந்த வளையங்கள். அவற்றில் கம்பி கோர்த்தவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைப் பெண்கள். கொழுந்து பறிக்கிற விரல்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த வேலையின் வலி புரியும். 1966இல் ராபர்ட் டெனார்ட், ஒரு பிட்டைச் சேமிக்க ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும் என்று கண்டார். 1970இல் இன்டெல் விற்ற 1103 சில்லில் 1,024 பிட் அடங்கியது. எங்கள் ரெண்டு ஜீபிக்கு அப்படி ஒரு கோடியே 67 லட்சம் சில்லு வேணும்!

இப்படி மலிவாகி வந்த பொருள் எங்களுக்கு மட்டும் ஏன் மலிவா இல்ல? 2022இல் ரூபாய் விழுந்தபோது, 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் 350ஐத் தாண்டியது. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சில்லுகளை அள்ளியதால் உலகமெங்கும் ரேம் விலை ஏறியது. இன்னொரு சிக்கல்: டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 ஒவ்வொன்றுக்கும் வெட்டு வேற இடத்தில. இன்னைக்கு வாங்குற ரேமை நாளைக்கு வர்ற மெஷினில் மாட்ட முடியாது.

தோட்டத்தில் இது பழைய கேள்விதான். பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கி வீ.பி. கன்று நட்டால் விளைச்சல் கூடும். ஆனா சில வருடம் கொழுந்து இல்லை. கவ்வாத்து வெட்டினால் சில மாதத்தில் தளிர்க்கும்.

அதனால பார்த்துட்டு முடிவெடுத்தோம். வினாத்தாள் ஒன்றையும் ரெண்டு இணையப் பக்கத்தையும் திறந்து, டாஸ்க் மேனேஜரைப் பார்த்தோம். ரேம் நிரம்பி வழியுது, ஹார்ட் டிஸ்க் லைட் அணையவே இல்ல, புரொசசர் சும்மா இருக்கு. இடம் பத்தாம ஹார்ட் டிஸ்கையே ரேம் மாதிரி பயன்படுத்தித் தவிக்குது. புரொசசர் 100ஐத் தொட்டிருந்தா ரேமுக்கு ஒரு சதமும் செலவழிச்சிருக்க மாட்டோம்.

எங்கள் போர்ட் நான்கு ஜீபிக்கு மேல் ஏற்காது. அதனால பாவிச்ச டிடிஆர்2, ரெண்டு ஜீபி ரெண்டு. மெஷினையே டவுனுக்குத் தூக்கிட்டுப் போய், மாட்டிப் பார்த்துத்தான் காசு குடுக்கணும். விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிஞ்சதால, இலகுவான லினக்ஸ் ஒன்னைப் போடுறோம், அதுக்குக் காசில்ல.

இது கவ்வாத்துதான். மீதிக் காசு உண்டியல்ல இருக்கு, கன்றுக்கு.