வாழ்த்து அட்டையும் முகவரிப் பட்டியலும் - ஒரு ஜப்பானியக் கதை

புத்தாண்டு வாழ்த்து அட்டை என்றதும் நமக்கு அதில் இருக்கும் படம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஆயிரம் பேருக்கு அட்டை அனுப்பும் ஒரு கம்பெனிக்கு அச்சடிப்பது பெரிய வேலையே இல்லை. யாருக்கு அனுப்புவது, அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்ற பட்டியலைச் சரியாக வைத்திருப்பதுதான் பெரிய வேலை. இதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் ஜப்பானியர்கள். அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போமா?

தொடக்கம்

ஜப்பானில் நவீன தபால் சேவை 1871-ல் ஆரம்பமானது. 1873-ல் தபால் அட்டை வந்தது. நேரில் போய்ப் புத்தாண்டு வணக்கம் சொல்லி வந்தவர்கள் மெல்ல மெல்ல அட்டைக்கு மாறினார்கள். இந்த அட்டைக்கு 'நெங்காஜோ' என்று பெயர். ஜனவரி 1 முத்திரையோடு போக வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டதால் தபால் நிலையங்கள் திணறின. எனவே டிசம்பரிலேயே அட்டைகளை வாங்கிவைத்து, ஜனவரி 1 முத்திரை குத்தும் ஏற்பாடு 1899-ல் வந்தது. போரினால் 1940-ல் நின்ற இந்த ஏற்பாடு 1948-ல் திரும்பியது. 1949-ல் பரிசுக் குலுக்கல் எண் போட்ட அட்டைகளை அரசே வெளியிட்டது. முதல் குலுக்கலின் பெரிய பரிசு என்ன தெரியுமா? தையல் மெஷின்!

பட்டியல் வேலை

தொழிலில் பட்டியலுக்கு மூலம் விசிட்டிங் கார்டு. வருடம் முழுக்கச் சேர்ந்தவற்றை டிசம்பருக்குள் பிரிக்க வேண்டும். நாம் அனுப்பாத ஒருவரிடமிருந்து அட்டை வந்துவிட்டால், பொதுவாக ஜனவரி 7-க்குள் பதில் போட்டு அவர் பெயரையும் சேர்க்க வேண்டும். திரும்பி வந்த அட்டை என்றால் முகவரியைத் திருத்த வேண்டும்.

இதில் என்னைத் தொட்டது துக்க வழக்கம். அந்த ஆண்டில் வீட்டில் மரணம் நடந்தவர்கள், டிசம்பர் தொடக்கத்துக்குள் 'இந்த முறை எங்களிடமிருந்து வாழ்த்து வராது' என்று ஓர் அட்டை அனுப்புவார்கள். அதைப் பெற்றவர் அந்தப் பெயரை அழிப்பதில்லை, அந்த வருடத்துக்கு மட்டும் நிறுத்திவைப்பார். பின்னாளில் வந்த கணினி முகவரி மென்பொருள்களில்கூட 'அனுப்பியது', 'வந்தது' என்பவற்றோடு 'துக்கம்' என்றும் குறித்துவைக்க இடம் இருந்தது. 1998-ல் அஞ்சல் குறியீடு ஏழு இலக்கமானபோது, நாட்டில் இருந்த எல்லாப் பட்டியல்களையும் திருத்த வேண்டியதாயிற்று!

சரிவு

2004 புத்தாண்டுக்காக வெளியான அட்டைகள் சுமார் 446 கோடி. அதுதான் உச்சம். 2025 புத்தாண்டுக்கு முதலில் வெளியிடப்பட்டவை சுமார் 107 கோடி மட்டுமே. மின்னஞ்சலும் செல்போனும் காரணம் என்பது தெரிந்ததே. 2024 அக்டோபரில் தபால் அட்டைக் கட்டணம் 63 யென்னிலிருந்து 85 யென்னாக ஏறியதும் ஒரு காரணம்.

அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2005 ஏப்ரலில் முழுமையாக அமலுக்கு வந்தது. அதன்பின் பல அலுவலகங்கள் ஊழியர்களின் வீட்டு முகவரிப் பட்டியலைக் கொடுப்பதை நிறுத்தின. முகவரி இல்லாமல் அட்டை எங்கே போகும்? தேவையான சட்டம்தான். மேலதிகாரிக்குக் கட்டாயத்துக்காக அட்டை எழுதியவர்களுக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். ஆனால் உடன் வேலை பார்ப்பவரின் வீடு எந்தத் தெருவில் என்று தெரிந்திருந்த காலமும் அதோடு போயிற்று.

இப்போது பலர், 'இந்த ஆண்டோடு வாழ்த்து அட்டை அனுப்புவதை நிறுத்துகிறோம்' என்று கடைசியாக ஓர் அட்டை அனுப்புகிறார்கள். நிறுவனங்களும் அப்படியே. அந்தக் கடைசி அட்டையை அனுப்பவும் பழைய பட்டியலைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.