தலைக்கு வந்தது தலைப்பாகையோடு...

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு"ன்னு நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு. மோட்டார் சைக்கிள் வருவதற்கு ரொம்ப காலம் முன்னாடியே யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டுப் போனது. ஹெல்மெட் கம்பெனிக்காரர்கள் கோடிக்கணக்கில் கொட்டிக் கொடுத்தாலும் இதைவிட நல்ல விளம்பர வாசகம் கிடைக்காது. இப்படி ஒரு பழமொழியைக் கையில் வைத்துக்கொண்டு, தலைக்கு மேல ஒரு ஓட்டை மாட்டச் சொன்னால் கோர்ட்டு வரைக்கும் சண்டைக்குப் போனவர்கள் நாம். அதிலும் எங்க மதுரைக்காரர்கள் ஸ்பெஷல் :-)

பயப்படாதீங்க மக்களே, இது அட்வைஸ் பதிவு இல்லை. "தலைக்கவசம் உயிர்க்கவசம்" போர்டு எல்லா சிக்னலிலும் இருக்கு, அதை நான் வேற சொல்லணுமா. ஆபீஸ்ல ஆணி கம்மியா இருக்கும்போது வரலாறு மேய்வது இந்தப் பொட்டி தட்டுபவனின் பொழுதுபோக்கு. அப்படி மேய்ந்ததில் மாட்டியதுதான் ஹெல்மெட்டின் கதை. கதை இங்கிலாந்தில் ஆரம்பித்து மதுரைக்கு வரும். கொஞ்சம் பொறுமையா கூட வாங்க.

லாரன்ஸும் ஒரு டாக்டரும்

ஹெல்மெட்டின் முதல் அவதாரம் ரேஸ்காரர்களுக்கானது. இங்கிலாந்தில் புரூக்லேண்ட்ஸ் ரேஸ் மைதானத்தில் டாக்டராக இருந்த எரிக் கார்ட்னர், கீழே விழுந்து மண்டை உடைந்து வருபவர்களைப் பார்த்துப் பார்த்து, கேன்வாஸ் துணியில் அரக்குப் பூசி ஒரு தொப்பி செய்ய வைத்தார். 1914 ஐல் ஆஃப் மேன் டி.டி. ரேஸில் அது கட்டாயமானது. ஆனால் அது ரேஸ் ஓட்டுகிறவனுக்குத்தான். ரோட்டில் போகிறவன் தலையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

21 வருஷம் கழித்து, 1935 மே 13ஆம் தேதி. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று உலகமே கொண்டாடிய டி.இ. லாரன்ஸ், டார்செட்டில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே பிரஃப் சுப்பீரியர் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் சைக்கிளில் இரண்டு பையன்கள். அவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்தார், தூக்கி வீசப்பட்டார். தலையில் அடி. ஆறு நாள் நினைவு திரும்பாமலே கிடந்து மே 19 அன்று இறந்துபோனார். வயசு 46. பாலைவனத்தில் ஒரு யுத்தத்தையே தாண்டி வந்த மனுஷன், வீட்டுக்குப் பக்கத்து ரோட்டில் போய்ச் சேர்ந்தார். ("இந்தா இருக்குற ஆரப்பாளையத்துக்கு எதுக்குண்ணே ஹெல்மெட்டு?" என்று கேட்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.)

அவருக்கு வைத்தியம் பார்த்தவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை நிபுணரும் ஒருவர். அதோடு விட்டுவிடாமல் அந்த டாக்டர் கணக்கெடுக்க ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய முதல் 21 மாதத்தில் மட்டும் பிரிட்டன் சாலைகளில் செத்துப்போன மோட்டார் சைக்கிள்காரர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களும் 2,279 பேர். குண்டு விழுந்து இல்லை, வண்டியிலிருந்து விழுந்து! ஹெல்மெட் போட்டும் தலையில் அடிபட்டவர்கள் என்று அவர் கைக்கு வந்தது வெறும் ஏழு பேர். ஏழு பேருமே பிழைத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் 1941 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அடுத்த மாதமே பிரிட்டிஷ் ராணுவம் தபால் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

ராணுவத்துக்கு ஒரே மாசம். பொதுமக்களுக்கு? பிரிட்டனில் சட்டம் வர 1973 ஆயிற்று. கெய்ர்ன்ஸ் 1952லேயே காலமாகிவிட்டார். அதற்குள் அவர் பிறந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் முந்திக்கொண்டது. உலகிலேயே முதல் ஹெல்மெட் சட்டம் 1961ல் அங்கேதான்.

எதிர்ப்பும் கூடவே வந்தது. பிரிட்டனில் பிரெட் ஹில் என்று ஒரு பெரியவர் ஹெல்மெட் போட மாட்டேன், அபராதமும் கட்ட மாட்டேன் என்று பலமுறை ஜெயிலுக்குப் போனார். 1984ல் 74 வயதில் லண்டன் பெண்டன்வில் சிறையிலேயே இறந்தார். அமெரிக்காவில் 1976ல் மத்திய அரசின் நெருக்கடி தளர்ந்ததும் பல மாநிலங்கள் சட்டத்தைத் தூக்கிக் கடாசின. "என் தலை, என் இஷ்டம்" என்பது நம்ம ஊர் கண்டுபிடிப்பு இல்லை.

கொஞ்சம் பிளஸ் டூ பிசிக்ஸ்

இன்ஜினியரிங் படித்த பாவத்துக்கு ஒரு சின்ன கணக்கு. வண்டியின் வேகத்தை மறந்துடுங்க. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழும் எதுவுமே தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நின்ற வண்டியிலிருந்து விழுந்தாலும் தலைக்கு இந்தக் கதிதான்.

இந்த 20 கி.மீ. வேகம் பூஜ்யம் ஆகணும். எவ்வளவு தூரத்துக்குள் ஆகிறது என்பதில்தான் உயிர் இருக்கு. வெறுந்தலை தார் ரோட்டில் மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றால், புவியீர்ப்பைப் போல 500 மடங்கு அதிர்ச்சி. அதையே இரண்டு சென்டிமீட்டருக்கு இழுத்துவிட்டால் 75 மடங்கு. அந்த இரண்டு சென்டிமீட்டரைக் கொடுப்பது ஹெல்மெட்டின் பளபளா ஓடு இல்லை, உள்ளே இருக்கும் தெர்மாகோல். அது நசுங்குது, மூளை தப்பிக்குது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போறதுன்னா இதுதான். அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நல்லா இருந்தாலும் உள்ளே செத்துப்போன சரக்கு. வார் மாட்டாத ஹெல்மெட்டோ விழும்போது நமக்கு முன்னாடியே எஸ்கேப் ஆகிவிடும்.

இது பேப்பர் கணக்கு மட்டும் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008ல் வந்த காக்ரேன் அறிக்கை, ஹெல்மெட் சாகும் அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறது.

தூங்கிய சட்டம்

இப்ப நம்ம நாட்டுக்கு வருவோம். 1939 மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் ஹெல்மெட் நுழைந்ததே 1977ல் செய்த திருத்தத்தில்தான். ஆந்திர அரசு போட்ட ஹெல்மெட் விதியை எதிர்த்து ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். நாட்டில் எங்கும் தடையின்றி நடமாடும் சுதந்திரத்தை இது பறிக்கிறது என்பது வாதம். 1988ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. அதே வருஷம் புதிய மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டு 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் 129ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஓட்டுபவர் மட்டும் இல்லை, பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும். தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு.

ஆக, 1989லேயே சட்டம் ரெடி. ஆனால் தமிழ்நாட்டில் அது கும்பகர்ணனுக்குப் போட்டியாகத் தூங்கியது. 2007 ஜூன் 1 முதல் சென்னை, மதுரை மாதிரி மாநகரங்களில் கட்டாயம், ஜூலை 1 முதல் மற்ற ஊர்களில் என்று எழுப்பினார்கள். ஜனங்கள் கூச்சல் போட்டதும் கெடுபிடி வேண்டாம் என்று அரசே இறங்கி வந்தது. சட்டம் புரண்டு படுத்துக்கொண்டது.

மதுரை, 2015

2015 ஜூன் 8. விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் ஒரு உத்தரவு போட்டார். ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம். போடாமல் பிடிபட்டால் வண்டி ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட புது ஹெல்மெட்டையும் அதை வாங்கிய ரசீதையும் காட்டினால்தான் திரும்பக் கிடைக்கும்.

அடுத்த சில வாரத்தில் ஹெல்மெட் கடைகளில் தீபாவளிக் கூட்டம். இருந்த சரக்கு தீர்ந்தது, விலை எகிறியது. பிளாட்பாரத்தில் குவித்துப் போட்டு விற்றார்கள். ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர் மட்டும் அசலாட்டம் தெரியும் பிளாஸ்டிக் சட்டிகள். தலைக்கு எதையாவது கவிழ்த்தால் போதும், போலீஸ் விட்டுடும் என்று வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

எதிர்ப்பு பெரிசாகக் கிளம்பியது எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? சட்டம் தெரிந்தவர்களிடமிருந்தே. மதுரை வக்கீல்கள் ஹெல்மெட் உத்தரவை எதிர்த்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை வந்தபோது ஊரே கொண்டாடியது நினைவிருக்கும். அந்த மதுரையிலேயே வக்கீல்களுக்கும் நீதிபதிகளுக்கும் இடையே மோதல். போராட்டத்தில் நீதிபதிகளைப் பற்றிச் சொன்னவற்றுக்காக வக்கீல் சங்க நிர்வாகிகள் மேல் உயர் நீதிமன்றமே முன்வந்து அவமதிப்பு வழக்கு எடுத்தது. 2015 செப்டம்பரில் சென்னையில் பலத்த பாதுகாப்போடு விசாரணை நடந்தது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியா வக்கீல்கள் சிலரை சஸ்பெண்ட் செய்தது. அந்த வருஷம் கோர்ட்டுகளில் நடந்த இன்னும் சில ரகளைகளும் சேர்ந்து, நவம்பரில் சென்னைக்கும் மதுரைக் கிளைக்கும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை காவலுக்கு வந்து நின்றது.

ஒரு ஹெல்மெட்டில் ஆரம்பித்து துப்பாக்கி பிடித்த காவல் வரைக்கும்!

வக்கீல்கள் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றே வாரம் அவகாசம், கடையில் கொள்ளை விலை, ஆவணத்தைப் பிடுங்கும் அதிகாரம் போலீஸ் கையில். இதையெல்லாம் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனா அந்த மூணு மாசச் செய்திகளைத் தேடிப் படித்தால் ஒரு விஷயம் உறுத்துது. யாருக்கு அதிகாரம், யார் யாரை அவமதித்தார் என்பதைச் சுற்றியே சண்டை ஓடியது. மண்டை அந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. தென்மாவட்டங்களிலிருந்து தலைக்காயத்தோடு பெரியாஸ்பத்திரிக்கு வந்தவர்களை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

இதன் விளைவை இப்பவும் ரோட்டில் பார்க்கலாம். ஹெல்மெட் நமக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் பொருள் இல்லை, நமக்கும் போலீஸுக்கும் நடுவில் இருக்கும் பொருள். அதனால்தான் கோரிப்பாளையம் சிக்னல் வரைக்கும் டேங்க் மேல் உட்கார்ந்து வந்த ஹெல்மெட், வெள்ளைச் சட்டையைக் கண்டதும் தலைக்கு ஏறும், காளவாசல் தாண்டியதும் இறங்கும். 100 ரூபாயாக இருந்த அபராதம் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் 1,000 ரூபாய் ஆனது. தலையின் விலை பத்து மடங்கு உயர்ந்தது என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

பின்னாடி உட்கார்ந்திருப்பவர்

எனக்கு உண்மையிலேயே வலிக்கும் இடம் இதுதான்.

டி.வி.எஸ். குழுமத்தின் கதை 1911ல் மதுரையில் ஆரம்பித்தது எல்லோருக்கும் தெரியும். அந்தக் குடும்பத்து வாரிசாக 1980ல் ஓசூரிலிருந்து வந்தது டி.வி.எஸ். 50. இரண்டு பேர் போகக்கூடிய முதல் இந்திய மொபெட். உசிலம்பட்டி, மேலூர் பக்கம் போனால் இன்றைக்கும் அதன் பேரப்பிள்ளை எக்ஸ்.எல். வண்டிகள்தான் பூ மூட்டை, பால் கேன், புருஷன், பெண்டாட்டி, பிள்ளை எல்லாவற்றையும் சுமக்கின்றன. குடும்ப வண்டி. ஆனா ஹெல்மெட் ஒண்ணே ஒண்ணு.

சட்டம் எழுதியவர்களுக்குப் பின் சீட்டு ஞாபகம் இல்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி என்று ஒன்று உண்டு. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், துணி சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும். நாம சொல்லும் சாரி கார்டு அதுதான். சேலைக்குக் கார்டு எல்லா வண்டியிலும் இருக்கு. சேலை கட்டியவரின் தலைக்கு? டெல்லியில் 2014 வரைக்கும் பெண்களுக்கு ஹெல்மெட்டே கட்டாயமில்லை. சென்னையில் பின்னால் இருப்பவரையும் போலீஸ் தீவிரமாகப் பிடிக்க ஆரம்பித்தது 2022 மே மாதத்தில். சட்டம் வந்து 33 வருஷம் கழித்து!

மத்திய அரசின் 2022 கணக்கு இது: ஹெல்மெட் இல்லாமல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். அவர்கள் வண்டி ஓட்டவில்லை, வேகம் போகவில்லை, சிக்னல் தாண்டவில்லை. நம்பி ஏறி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். "என் தலை, என் இஷ்டம்" என்ற வாதம் ஓட்டுகிறவனுக்காவது பொருந்தும். பின் சீட்டுக்கு அது செல்லுபடி ஆகாது.

எங்க அம்மாவிடம் இரண்டாவது ஹெல்மெட்டை நீட்டியபோது கிடைத்த பதில்: "பூ கசங்கிரும்டா". மதுரையில் மல்லிகைப்பூவுக்கு முன்னால் சட்டப் பிரிவு 129 எடுபடுமா? பேச்சுவார்த்தையில் ஒரு சமரசம் ஆச்சு. பூ கவரில் வரும், கோயில் வாசலில் இறங்கியதும் தலைக்கு ஏறும். பிரச்சினை அவ்வளவு லேசாத் தீர்ந்தது. முப்பது வருஷமா யாரும் கேட்கவில்லை, அதான் விஷயம்.

சின்னப் பிள்ளைகளுக்கும் சட்டம் வந்தாச்சு. நான்கு வயசுக்கு மேல் என்றால் ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் 2023 பிப்ரவரி முதல் ஹெல்மெட், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், 40 கி.மீ. வேகத்துக்குள் என்று மத்திய விதி இருக்கு. மாட்டுத்தாவணி பக்கம் காலை ஸ்கூல் நேரத்தில் நின்று பாருங்க, இந்த விதி எந்த நாட்டுக்கு எழுதியது என்று சந்தேகம் வரும்.

லாரன்ஸ் செத்ததிலிருந்து ராணுவம் ஹெல்மெட் போட ஆறு வருஷம். பிரிட்டன் போட 38 வருஷம். நாம் இன்னும் பாதி வழியில், முன் சீட்டு வரைக்கும்தான் வந்திருக்கிறோம். மீதிப் பாதிக்கு கோர்ட்டு உத்தரவு, அரசாணை எதுவும் தேவையில்லை. இன்னொரு ஹெல்மெட் வாங்கினால் போதும்.

பி.கு.: 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட் விற்பதே சட்டப்படி தப்பு. வாங்கும்போது ஐ.எஸ். 4151 என்ற எண்ணைப் பாருங்க. தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே ஆடணும், தனியா ஆடினால் அது உங்க சைஸ் இல்லை. அப்புறம் அந்த வாரை மாட்டுங்க சாமி!