மலாக்காவின் மரபுடைமைக் கட்டடங்களும் செட்டிகளின் வாழும் மரபும்

ஒரு வட்டாரத்தின் வரலாற்றை ஏட்டுச் சான்றுகளைக் கொண்டு மட்டும் முழுமையாக அறிய இயலாது. அங்கு எஞ்சி நிற்கும் தேவாலயங்கள், பழைய இல்லங்கள், அருங்காட்சியகங்கள் ஆகியவையும் அவ்வரலாற்றுக்குச் சான்று பகர்கின்றன. எனினும், கட்டடம் காக்கப்பட்டால் மரபும் காக்கப்பட்டுவிடும் எனக் கொள்ளலாமா? 2008ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுனுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற மலாக்காவை முன்வைத்து இக்கட்டுரை இவ்வினாவை ஆராய்கின்றது.

மலாக்காவை 1511இல் கைப்பற்றிய போர்த்துகீசியர், 1521இல் குன்றின்மீது சிற்றாலயம் ஒன்றை எழுப்பினர். புனித பிரான்சிஸ் சேவியரின் உடல் 1553இல் கோவாவுக்குக் கொண்டு செல்லப்படுவதற்கு முன் சிலகாலம் இங்கு வைக்கப்பட்டிருந்தது. 1641இல் ஆட்சியைப் பிடித்த டச்சுக்காரர் இதனைத் தம் சீர்திருத்தச் சபைக்குரிய புனித பவுல் ஆலயமாக்கினர். குன்றின் அடிவாரத்தில் 1741இல் தொடங்கிய கிறிஸ்து ஆலயம் 1753இல் கட்டி முடிக்கப்பட்டபின், குன்றின்மேல் இருந்த ஆலயம் இடுகாடாயிற்று. பின்னர் ஆங்கிலேயர் அதனை வெடிமருந்துக் கிடங்காகப் பயன்படுத்தினர். இன்று அங்குக் கூரையற்ற சுவர்களும் அவற்றில் சாத்தி வைக்கப்பட்ட கல்லறைக் கற்களுமே எஞ்சியுள்ளன.

இதற்கு மாறாக, கிறிஸ்து ஆலயம் 1838இல் ஆங்கிலிக்கன் சபைக்கு உரியதாகி, இன்றும் வழிபாட்டில் உள்ளது. டச்சு ஆளுநரின் இருப்பிடமாகவும் அலுவலகமாகவும் விளங்கிய ஸ்டாட்ஹைஸ் மாளிகை 1982 முதல் அருங்காட்சியகமாகச் செயல்படுகின்றது. ஆட்சி மாறினும் பயன்பாடு தொடர்ந்த கட்டடங்கள் நிலைத்தன. பயன்பாட்டை இழந்தது சிதைந்தது.

இல்லங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். முன்னர் ஹீரன் தெரு எனப்பட்ட துன் டான் செங் லோக் சாலையில், பாபா நியோன்யா குடும்பம் ஒன்றின் இல்லமே அருங்காட்சியகமாக்கப்பட்டுள்ளது. அதே சாலையில் எட்டாம் எண் இல்லத்தை மலேசிய மரபுடைமை அறக்கட்டளையான பாடான் வாரிசான் பழைய கட்டுமான முறைகள் விளங்குமாறு மீட்டமைத்துள்ளது. முன்னது ஒரு குடும்பத்தின் செல்வ வாழ்வையும் பின்னது கட்டடக் கலையையும் கற்பிக்கின்றன.

மலாக்கா செட்டிகளின் மரபு இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. சுல்தான்கள் காலத்தில் வணிகத்தின் பொருட்டு வந்த தமிழர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து இம்மண்ணிலேயே வேரூன்றினர். இவர்தம் வழித்தோன்றல்களின் வீட்டுமொழி மலாய், சமயமோ சைவம். இவர்கள் 1781இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் நகரின் நடுவே இன்றும் வழிபாட்டில் உள்ளது. காஜா பேராங்கிலுள்ள கம்போங் செட்டியில் இவர்களுக்கெனச் சிறிய அருங்காட்சியகமும் உண்டு. அங்குள்ள வீடுகளின் வாயிலில் மாவிலைத் தோரணம் தொங்குவதைக் காணலாம். பொங்கலுக்கு முந்திய போகியன்று, வாழையிலையில் உணவு படைத்து முன்னோரை வழிபடும் 'பர்ச்சு' இவர்களின் தனிச்சடங்காகும். படையலுக்குரிய பாத்திரங்களைக் கண்ணாடிப் பேழையில் வைக்கலாம். படைக்கும் முறையை அறிந்தோரை அவ்வாறு வைக்க இயலாது.

கம்போங் செட்டி உலக மரபுடைமைப் பகுதியின் மையத்திற்கு வெளியே உள்ளது. 2010களில் இச்சிற்றூரை ஒட்டி உயரடுக்குக் கட்டடத் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டபோது குடியிருப்பாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. அவ்வெதிர்ப்பு சுவர்களுக்காக மட்டும் எழுந்ததன்று. அண்டை வீடுகளாக வாழும் வாழ்க்கைக்காகவும் எழுந்ததாகும். குடும்பங்கள் கலைந்து சென்றால் ஆலயமும் அருங்காட்சியகமும் நிற்கும். பர்ச்சு நிற்குமா என்பது ஐயமே.

ஆகவே, மரபுடைமைக் காப்பு என்பது கட்டடத்தோடு அதனைப் பயன்படுத்தும் மக்களையும் உள்ளடக்கியதாக அமைதல் வேண்டும். மாணவர்களை மலாக்காவுக்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர்கள் டச்சுச் சதுக்கத்தோடு திரும்பிவிடாமல் காஜா பேராங் வரை செல்வது நலம். தாய்மொழியை இழந்த பின்னரும் ஒரு சமூகம் தன் முன்னோரை மறவாதிருப்பதை அங்கு அவர்கள் நேரில் காண்பர். மொழியைக் காத்து நிற்கும் நமக்கும் அதில் பாடம் உண்டு.