ஒரு படிவத்தின் வரலாறு

1970களின் நடுவில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பனிக்குட நீர்ச் சோதனை அறிமுகமானது. கருவிலுள்ள மரபணுக் குறைபாடுகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். ஆனால் அதே நீர் கரு ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடும். பெண் என்று தெரிந்ததும் கலைக்கச் சொல்லிக் குடும்பங்கள் வந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அரசு மருத்துவமனைகளில் பாலினம் அறிவது தடைசெய்யப்பட்டது. தனியார் மருத்துவமனைகளை அந்தத் தடை தொடவில்லை. பின்னாளின் வரதட்சணையை நினைவூட்டி அவை விளம்பரமே செய்தன.

மும்பைப் பெண்கள் இயக்கங்களின் போராட்டத்தால் 1988இல் மகாராஷ்டிரம் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 1994இல் வந்து, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மரபணு நோய் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே சோதனை செய்யலாம். காரணத்தை மருத்துவர் எழுதிவைக்க வேண்டும். பக்கவிளைவுகளைப் பெண்ணிடம் விளக்கி, அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்று, அதன் நகலை அவளிடம் தர வேண்டும். பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறெவ்வகையிலோ தெரிவிக்கக் கூடாது. கணவனும் உறவினரும் வற்புறுத்தியதாலேயே அவள் சோதனைக்கு வந்தாள் என்று சட்டம் அனுமானிக்கிறது; மறுப்பவரே நிரூபிக்க வேண்டும். மீறும் மருத்துவருக்குச் சிறை. மருத்துவப் பதிவேட்டிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்படும்.

ஆனால் சட்டம் ஏட்டில் கிடந்தது. 1991இல் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 945 ஆக இருந்த பெண் குழந்தைகள், 2001இல் 927 ஆகக் குறைந்தனர். இதற்கிடையே 2000இல் செஹாட், மாசும் ஆகிய அமைப்புகளும் சாபு ஜார்ஜும் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2003இல் சட்டம் திருத்தப்பட்டது. கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுப்பவரின் பதிவில் குறையிருந்தால், அவர் மறுத்து நிரூபிக்காதவரை அதுவே சட்டமீறல் என்றானது.

எழுத்துப் பிழைக்காகவா சிறை என்று மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பு சரியென்றே நான் நினைக்கிறேன். பூட்டிய அறைக்குள் நடக்கும் இந்தக் குற்றத்தில் கேட்டவரும் பேச மாட்டார், சொன்னவரும் பேச மாட்டார். எஞ்சுவது படிவம் மட்டுமே.

இன்று தாயின் ரத்தத்திலேயே கருவின் மரபணுவைப் படிக்க முடிகிறது. ஊசி மாறிவிட்டது, மருத்துவரின் பொறுப்பு மாறவில்லை. சோதனைக்குப் போகும் என் மாணவிகளுக்கு நான் சொல்வது: கையெழுத்திடும் முன் வாசியுங்கள். நகலைக் கேட்டு வாங்குங்கள்.