திறமையும் உரிமையும்



பினாங்கில் இன்டெல் நிறுவனம் தன் தொழிற்சாலையைத் திறந்த ஆண்டு 1972. கணினிச் சில்லு என்பது நமக்குப் புதிய சொல்லன்று. அச்சில்லுகளின் உலகில் நடந்த ஒரு போட்டியின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

கணினியில் இருவகைச் சில்லுகள் முக்கியமானவை. ஒன்று செயலி. அது தோட்டத்துக் கிராணியாரைப் போன்றது. கணக்கு, கடிதம், சம்பளம் என வெவ்வேறு வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும். மற்றொன்று, படங்களைத் திரையில் காட்டும் வரைகலைச் சில்லு. அது விடியற்காலையில் ஆளுக்கொரு நிரையில் இறங்கும் பால்வெட்டுத் தொழிலாளர்களைப் போன்றது. ஒரே வகை வேலையைப் பல கைகள் ஒரே நேரத்தில் செய்யும்.

1993-இல் அமெரிக்காவில் ஜென்சன் ஹுவாங்கும் வேறு இருவரும் தொடங்கிய என்விடியா, வரைகலைச் சில்லில் புகழ்பெற்றது. இத்தனை திறமையுள்ளவர்கள் செயலியும் செய்து இன்டெலோடு போட்டியிட முடியாதா?

குறுக்கே நின்றது உரிமை. 1981-இல் ஐ.பி.எம். தன் கணினிக்கு இன்டெலின் 8088 செயலியைத் தேர்ந்தெடுத்தது. அதுமுதல் மேசைக் கணினிக்கான மென்பொருள்களில் பெரும்பாலானவை அச்செயலியின் கட்டளை மொழியிலேயே அமைந்தன. அம்மொழியில் செயலி செய்ய இன்டெலின் அனுமதி வேண்டும். இரண்டாவது உற்பத்தியாளரும் வேண்டுமென்று ஐ.பி.எம். கேட்டதால், 1982-இல் ஏ.எம்.டி. அனுமதி பெற்றது. என்விடியாவுக்கு அது கிட்டவில்லை. 2009-இல் எழுந்த வழக்கு 2011 ஜனவரியில் சமரசமானபோது, 150 கோடி டாலர் கொடுக்க இன்டெல் இசைந்தது. கட்டளை மொழியின் உரிமையை மட்டும் கொடுக்கவில்லை.

அதே மாதம் என்விடியா மாற்றுவழி தேடியது. ஆர்ம் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கட்டளை மொழியில் மேசைக் கணினிக்கும் செயலி செய்யப்போவதாக அறிவித்தது. 2012-இல் அதன் ஆர்ம் சில்லைக் கொண்டு மைக்ரோசாஃப்ட் ஒரு பலகைக் கணினியை வெளியிட்டது. பழைய மென்பொருள்கள் அதில் ஓடவில்லை, விற்பனையும் சோர்ந்தது. மறு ஆண்டு மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலர் நட்டக் கணக்கு எழுதியது.

என்விடியா முடங்கிவிட்டதா? இல்லை. பல கைகள் ஒருசேர உழைக்கும் அதன் சில்லு, செயற்கை அறிவுக்கு மிகப் பொருத்தமாயிற்று. 2025 செப்டம்பரில் அதே இன்டெலில் 500 கோடி டாலர் முதலீடு செய்வதாக என்விடியா அறிவித்தது. இருவர் சில்லுகளையும் இணைத்துக் கணினிக்குத் தரவும் உடன்பாடு கண்டனர்.

திறமை இருந்தும் உரிமைச் சீட்டு இல்லாதவன் வாசலில் நிற்க வேண்டும் என்பது, தோட்டத்தில் பிறந்த நமக்குத் தெரியாததா? உரிமையைக் கேட்டுக்கொண்டே இருப்போம். கேட்கும்போதும் கைத்தொழிலைக் கைவிடாதிருப்போம்.