கடலுக்கடியில் ஒரு கம்பி, கரையில் ஒரு பலியாடு

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. என்ன ஆணிங்கறதைக் கடைசியில சொல்றேன். அந்த ஆணியைப் புடுங்கிட்டு நடுராத்திரி வீட்டுக்கு வந்தா தூக்கம் வராது. அப்போ உருட்டி உருட்டிப் படிச்ச ஒரு பழைய கதைதான் இன்னிக்குப் பதிவு.

19-ம் நூற்றாண்டு உலக வரலாறுன்னாலே வாட்டர்லூ, அமெரிக்க உள்நாட்டுப் போர், பிஸ்மார்க், ஜப்பான்ல மெய்ஜி ஆட்சின்னு வருஷத்தோட மனப்பாடம் பண்ணின பரம்பரை நாம. 1858 ஆகஸ்ட் 5-ஐ மட்டும் எந்தக் கேள்வித்தாள்லயும் நான் பார்த்ததில்லை. அன்னிக்குத்தான் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அட்லாண்டிக் கடலுக்கு அடியில ஒரு செப்புக் கம்பி முதல் முறையா இணைச்சது. அது ஒழுங்கா வேலை செஞ்சது ஒரு மாசம் கூட இல்லை. எனக்குப் பிடிச்சதே அந்த ஒரு மாசமும், அதுக்கப்புறம் யார் தலை உருண்டதுங்கறதும்தான்.

கம்பி இல்லாத காலம் எப்படி இருந்ததுன்னு ஒரு சாம்பிள். 1814 டிசம்பர் 24-ம் தேதி கென்ட் நகரத்துல பிரிட்டனும் அமெரிக்காவும் சமாதான ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. செய்தி கப்பல்ல வந்து சேர்றதுக்குள்ள 1815 ஜனவரி 8-ம் தேதி நியூ ஆர்லியன்ஸ்ல ரெண்டு படையும் மோதிக்கிச்சு. பிரிட்டிஷ் பக்கம் மட்டும் செத்தவங்க, காயம்பட்டவங்க, பிடிபட்டவங்கன்னு சுமார் 2,000 பேர். ஒரு தந்தி இருந்திருந்தா அத்தனை பேரும் வீட்டுக்குப் போயிருப்பாங்க. நீராவிக் கப்பல் வந்த பிறகும் செய்தி போய்ச் சேரப் பத்து நாளுக்கு மேல ஆச்சு.

இந்த இடத்துலதான் சைரஸ் ஃபீல்டு உள்ளே வர்றார். நியூயார்க் பேப்பர் வியாபாரி. முப்பத்தி சொச்சம் வயசுலயே சம்பாதிச்சு முடிச்சு ரிட்டயர் ஆனவர் (நாம இன்னும் ஹவுசிங் லோன் கட்டிட்டு இருக்கோம்). மின்சாரத்தைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. ஆனா பேசினா பணம் கொட்டும். 1856-ல் பிரிட்டன்ல அட்லாண்டிக் டெலிகிராஃப் கம்பெனி ஆரம்பிச்சு, சில வாரத்துக்குள்ள 3,50,000 பவுண்டு திரட்டிட்டார். கூடவே அடுத்த வருஷமே கம்பி போட்டுடுவோம்னு தேதியும் குடுத்துட்டார். டிசைன் முடியறதுக்கு முன்னாடியே ரிலீஸ் தேதியைச் சொல்ற சேல்ஸ் ஆளுங்களை நமக்குப் புதுசா அறிமுகப்படுத்தணுமா என்ன?

சீஃப் இன்ஜினியர் சார்லஸ் பிரைட். கம்பி கரையேறினதும் 'சர்' பட்டம் குடுத்தாங்க, அப்போ வயசு 26. கம்பெனியோட மின்சாரப் பொறுப்பாளர் வைல்ட்மேன் வைட்ஹவுஸ். அவர் பிரைட்டன்ல அறுவை மருத்துவரா இருந்தவர். மின்சாரம் சொந்தமாப் படிச்சுப் பரிசோதனை பண்ணிக் கத்துக்கிட்டது. டைரக்டர்கள்ல ஒருத்தர் கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன். பின்னாளில் லார்டு கெல்வின்னு ஆனாரே, அவரேதான்.

சண்டை எதுலன்னா, நீளமான கம்பியில சிக்னல் எப்படிப் போகும்ங்கறதுல. கோடையில வாய்க்கால்ல தண்ணி விட்டுப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். பம்ப்செட்டைப் போட்ட உடனே கடைசி வயலுக்குத் தண்ணி வந்துடாது. முதல்ல வாய்க்கால் நிறையணும். மோட்டாரை நிறுத்தினாலும் வாய்க்கால்ல இருக்கறது கொஞ்ச நேரம் வடிஞ்சுக்கிட்டே இருக்கும். கடலுக்கடியில போற கம்பியும் அப்படித்தான். நடுவுல செம்பு, சுத்தி கட்டாபெர்ச்சாங்கற மரப்பால் உறை, அதுக்கு வெளியே கடல் தண்ணி. மொத்தத்துல ஆயிரக்கணக்கான மைல் நீளத்துக்கு ஒரு கெப்பாசிட்டர். முதல்ல அது நிறையணும், அப்புறம் வடியணும். கம்பியோட நீளம் ரெண்டு மடங்கானா தாமதம் நாலு மடங்காகும்னு 1850-களோட நடுவிலேயே தாம்சன் கணக்குப் போட்டுச் சொல்லிட்டார். அதனால செம்பு தடிமனா இருக்கட்டும், உறையும் கனமா இருக்கட்டும், அந்தப் பக்கம் ரொம்ப மெல்லிய மின்னோட்டத்தையும் கண்டுபிடிக்கற கருவி வைப்போம்ங்கறது அவர் கட்சி.

வைட்ஹவுஸ் இதை ஒத்துக்கலை. நான் சோதனை பண்ணிப் பார்த்தேன், அந்தக் கணக்கு தப்பு, சின்னக் கம்பியே போதும், தேவைப்பட்டா வோல்டேஜை ஏத்திக்கலாம்னார். கம்பெனிக்கு எது பிடிச்சிருக்கும்? சின்னக் கம்பின்னா செலவு கம்மி. அதோட ஆர்டரும் ஏற்கனவே போயிடுச்சு. கடல்மைலுக்கு 107 பவுண்டு செம்புன்னு முடிவாச்சு.

தயாரிப்புல நடந்த கூத்து இன்னும் மோசம். அவசரத்துக்காகக் கம்பியை ரெண்டு கம்பெனிகிட்ட பாதிப் பாதியா குடுத்தாங்க. வெளியே சுத்தற இரும்புக் கம்பியை ஒருத்தர் வலப்பக்கமா முறுக்க, இன்னொருத்தர் இடப்பக்கமா முறுக்கி வச்சிருக்கார். நடுவுல இணைச்சா ரெண்டும் ஒண்ணையொண்ணு பிரிச்சு விடும். கடைசி நேரத்துல தனியா ஒரு இணைப்பு ஏற்பாடு பண்ணி ஒப்பேத்தினாங்க. ரெண்டு டீம் தனித்தனியா கோடு எழுதி, இன்டெக்ரேஷன் அன்னிக்குத்தான் முகத்தைப் பார்த்துக்கற கதையேதான். சில இடத்துல செம்பு உறைக்கு நடுவுல இல்லாம ஓரமா ஒதுங்கி இருந்தது. செஞ்ச கம்பியை 1857 கோடையில வெயில்ல போட்டு வச்சதுல உறை இளகினதும் உண்டு.

1857 ஆகஸ்ட்ல முதல் முயற்சி. அயர்லாந்துல இருந்து கிளம்பி முன்னூறு மைலுக்கு மேல போட்டதும் அறுந்து ஆழத்துக்குப் போயிடுச்சு. 1858 ஜூன்ல அகமெம்னான், நயாகரான்னு ரெண்டு கப்பல் நடுக்கடல்ல சந்திச்சு, கம்பியை இணைச்சு, ஆளுக்கொரு திசையில போறதா திட்டம். போற வழியிலேயே அகமெம்னான் கவுந்துடுமோங்கற அளவுக்குப் புயல். கம்பி திரும்பத் திரும்ப அறுந்தது. தாம்சன் சம்பளம் வாங்காம அந்தக் கப்பல்ல இருந்தார். வைட்ஹவுஸ் உடம்பு சரியில்லைன்னு கரையிலேயே இருந்துட்டார். ஜூலை 29-ம் தேதி கடைசியா ஒரு தடவை இணைச்சுப் பார்த்தாங்க. ஆகஸ்ட் 5-ம் தேதி நியூஃபவுண்ட்லாந்து ஒரு முனை, அயர்லாந்தோட வலென்ஷியா ஒரு முனைன்னு கம்பி ரெண்டு கரையும் தொட்டுடுச்சு.

அமெரிக்கா ஆடின ஆட்டத்தைக் கேட்கணும். வாணவேடிக்கை விட்டதுல நியூயார்க் சிட்டி ஹால் கோபுரமே தீப்பிடிச்சது. மிச்சம் இருந்த கம்பியை டிஃபனி நகைக்கடை வாங்கி, நாலு அங்குலத் துண்டா வெட்டி 50 சென்ட்டுக்கு வித்தது. ஆகஸ்ட் 16-ம் தேதி விக்டோரியா ராணி அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பினாங்க. 98 வார்த்தை. போய்ச் சேர எடுத்துக்கிட்டது சுமார் 16 மணி நேரம்! சிக்னல் அவ்வளவு மங்கல். உள்ளே என்ன நடந்ததுன்னு வெளியே கொண்டாடினவங்களுக்குத் தெரியாது. வைட்ஹவுஸ் அஞ்சு அடி நீளக் காயில்களை வச்சு சுமார் 2,000 வோல்ட் வரைக்கும் கம்பிக்குள்ள தள்ளிட்டு இருந்தார். வாய்க்கால்ல தண்ணி மெதுவாப் போகுதேன்னு பத்து மோட்டாரை ஒண்ணாப் போட்டா என்ன ஆகும்? எங்க கரை பலவீனமோ அங்க உடையும். அந்தப் பக்கம் வந்த செய்திகளைப் படிச்சது தாம்சனோட கண்ணாடி கால்வனோமீட்டர். ஒரு குட்டிக் காந்தத்துல ஒட்டின கண்ணாடி, அதுல பட்டு நகர்ற ஒரு புள்ளி வெளிச்சம், அவ்வளவுதான். வைட்ஹவுஸோ தன் சொந்தக் கருவிதான் வேலை செய்யுதுன்னு கணக்குக் காட்டிட்டு இருந்தார். போர்டு சொன்னதையும் கேட்கலை. ஆகஸ்ட் 17-ம் தேதி ஆளைத் தூக்கிட்டாங்க.

அரைகுறை உயிரோடவும் அந்தக் கம்பி ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. அதுல நம்ம நாடும் வருது. 1857-ல் இந்தியாவுல சிப்பாய்கள் கிளம்பினதுனால பிரிட்டிஷ் அரசாங்கம் கனடாவுல இருந்து ரெண்டு படைப்பிரிவைத் திருப்பிக் கூப்பிட்டிருந்தது. இந்தியாவுல நிலைமை அவங்க கைக்குத் திரும்பிட்டதால படை தேவைப்படலை. ஆகஸ்ட் 31-ம் தேதி கம்பி வழியா 'கிளம்ப வேண்டாம்'னு சொல்லிட்டாங்க. மிச்சமானது சுமார் 50,000 பவுண்டு. அடுத்த ஓரிரு நாள்ல கம்பி பேச்சை நிறுத்திடுச்சு. செப்டம்பர் 1-ம் தேதி நியூயார்க்ல ஃபீல்டுக்கு மாபெரும் ஊர்வலம் நடந்ததும் அதே நாள்வாக்குலதான். கம்பியே போடலை, எல்லாம் பங்குச்சந்தை மோசடின்னு சொன்னவங்களும் உண்டு.

இனிமேதான் நமக்குப் பரிச்சயமான கட்டம். புரொடக்ஷன் படுத்துடுச்சு. யார் பண்ணினது? பதில் ரெடியா இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்காதவர், தியரியை மதிக்காதவர், 2,000 வோல்ட் குடுத்தவர். போதாதா? நூத்துக்கணக்கான புத்தகத்துல இன்னிக்கும் வைட்ஹவுஸ் ஒரு கோமாளியாத்தான் வர்றார்.

ஆனா 1859-ல் இதை விசாரிக்க அரசாங்க வர்த்தக வாரியமும் அந்தக் கம்பெனியும் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டாங்க. அதுக்குள்ள இந்தியாவுக்காக செங்கடல்ல போட்ட இன்னொரு கம்பியும் காலி. 1861-ல் அறிக்கை வந்தது. அதுவரைக்கும் உலகத்துல போட்ட 11,000 மைலுக்கு மேற்பட்ட கடலடிக் கம்பியில வேலை செய்யறது சுமார் 3,000 மைல்தான்னு ஒளிக்காம எழுதியிருந்தாங்க. டிசைன் சரியில்லை, தயாரிப்பு சரியில்லை, சோதனை சரியில்லை, கையாண்டதும் சரியில்லை. இதையெல்லாம் மூடி மறைக்காம அச்சடிச்சு வெளியிட்டாங்க பாருங்க, அதுக்கு ஒரு சல்யூட். மின்தடையை அளக்க எல்லாரும் ஒத்துக்கற ஒரு அலகு கூட அப்போ கிடையாது. ஒரு ஃபேக்டரி 'நல்ல செம்பு'ன்னு சொன்னா இன்னொருத்தர் சரிபார்க்க வழியில்லை. அதே 1861-ல் தாம்சன் சொல்லி பிரிட்டிஷ் அசோசியேஷன் ஒரு கமிட்டி அமைச்சது. நாம ஃபர்ஸ்ட் இயர் லேப்ல திட்டிக்கிட்டே அளந்த ஓம், அந்த வேலையில இருந்துதான் உருவாச்சு. செத்துப்போன கம்பியோட பிள்ளைன்னு சொல்லலாம்.

மிச்சக் கதை வேகமா. 1865-ல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் போட்ட கம்பி 1,200 மைல் தாண்டி அறுந்தது. 1866 ஜூலை 27-ம் தேதி புதுக் கம்பி வெற்றிகரமா கரையேறுச்சு. இந்தத் தடவை கடல்மைலுக்கு 300 பவுண்டு செம்பு! முந்தின வருஷம் அறுந்ததையும் ரெண்டு மைல் ஆழத்துல கொக்கி போட்டுத் தேடி எடுத்து முடிச்சாங்க. அடுத்த சில வருஷத்துல பம்பாய்க்கும் கம்பி வந்தது, மெட்ராஸ்ல இருந்து பினாங்குக்கும் போச்சு. தாம்சன் 'சர்' ஆனார், பிரபு ஆனார், 1907-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில அடக்கம் ஆனார். வைட்ஹவுஸ் 1890-ல் போய்ச் சேர்ந்தார்.

1985-ல் டோனார்ட் டி கோகன்ங்கற ஆய்வாளர் இந்த ஃபைலைத் திரும்பத் திறந்தார். 1858 கம்பியோட துண்டு ஒண்ணையும் பார்த்துட்டு அவர் வந்த முடிவு: வைட்ஹவுஸ் கை வைக்காட்டியும் அந்தக் கம்பி ரொம்ப நாள் தாங்கியிருக்காது. அந்த ஆள் செஞ்சது தப்பு. ஆனா அவர் தொட்ட கம்பியே பாதிப் பிணம். 127 வருஷம் கழிச்சு ஒரு ஆர்சிஏ!

இப்போ என் ஆணி. எங்க புராஜெக்ட்ல ராத்திரி ஓடற ஒரு ஜாப் மெதுவாகிட்டே வந்தது. கூட வேலை பார்த்த பையன், யாரையும் கேட்காம கனெக்ஷன் எண்ணிக்கையைப் பத்து மடங்கு ஏத்தி விட்டான். விடியறதுக்குள்ள டேட்டாபேஸ் படுத்துடுச்சு. நாலு மணி நேரம் கிளையண்ட் வேலை நின்னது. மீட்டிங்ல ஒரே ஒரு பேர்தான் அடிபட்டது. அவனை வேற புராஜெக்ட்டுக்கு மாத்திட்டாங்க. அந்த சர்வர் தாங்காதுன்னு ஆறு மாசம் முன்னாடியே லோடு டெஸ்ட்ல தெரிஞ்சது. ரிலீஸ் தேதி நெருக்கத்துல 'பின்னால் பார்த்துக்கலாம்'னு எழுதி ஓகே போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். மீட்டிங்ல நான் வாயைத் திறக்கலை.

போன வாரம் அந்த ரிப்போர்ட்டைத் திறந்து, லோடு டெஸ்ட் தேதியையும் என் பேரையும் சேர்த்து ரெண்டு வரி எழுதி மேனேஜருக்கு அனுப்பினேன். அவனுக்கும் ஒரு காப்பி. மேனேஜர்கிட்ட இருந்து இன்னும் பதில் இல்லை. அவன் ஒரு ஸ்மைலி மட்டும் அனுப்பியிருக்கான். அது எந்த மாதிரி ஸ்மைலின்னு இன்னும் பிடிபடலை.