பூனைக்காலி விதையும் நடுங்கும் கையும்

பத்தாம் ஆண்டு மலருக்காக நம் இலக்கிய வட்டத்தின் வருகைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. மூத்த உறுப்பினர் ஒருவரின் கையொப்பத்தில் கண் நிலைத்து நின்றது. முதலாண்டில் கோடு முழுவதும் பரந்து கிடந்த அக்கையொப்பம் ஆண்டுதோறும் சிறுத்து, ஆறாம் ஆண்டில் கடுகளவாகிவிட்டது. அதே காலத்தில் அவர் குரலும் தணிந்தது. நல்ல கவிதை கேட்டால் மலரும் முகம் அசைவற்று இருந்தது. அவருக்கு நம்மீது ஏதோ மனத்தாங்கல் என்று நம்மில் சிலர் பேசிக்கொண்டோம். இதை எழுதுபவனும் அவர்களுள் ஒருவன். பின்னரே மருத்துவர் அதற்குப் பார்க்கின்சன் நோய் என்று பெயர் சொன்னார். எழுத்துச் சிறுத்தல், குரல் தேய்தல், முகம் உறைதல் ஆகிய மூன்றும் அந்நோயின் அடையாளங்களே. இன்று அவர் நம்மிடையே இல்லை. அவரைத் தவறாகப் படித்த குறைக்குக் கழுவாயாகவே இவ்வரலாற்றை எழுதத் துணிந்தேன்.

தெருவில் கண்ட நோய்

1817-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதற்கு ஆதாரமாக அவர் கொண்டவர் ஆறு பேரே. அவர்களுள் சிலரைத் தெருவில் கண்டே அவர் குறிப்பெடுத்தார். ஓய்வில் கை நடுங்குவதையும், உடல் முன்சாய்ந்து நடை ஓட்டமாக மாறுவதையும் அவர் கண் தவறவிடவில்லை. பின்னர்ப் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ அந்நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார். 1919-இல் திரெத்தியாக்கோஃப் என்பவர், மூளையின் நடுத்தண்டில் உள்ள கருந்திட்டு என்னும் பகுதியில் அணுக்கள் அழிந்திருப்பதைக் காட்டினார். நோயின் இடம் தெரிந்தது. ஆயினும் அங்கே குறைந்துபோனது எது என்பது தெரியவில்லை.

சென்னையில் பிரித்த பொருள்

பூனைக்காலியை நம் வட்டாரத்தார்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வேலிகளிலும் மலைச்சரிவுகளிலும் படரும் கொடி அது. காயின் மேலுள்ள சுணை பட்டால் மேனியெல்லாம் அரிப்பெடுக்கும். அதன் விதையை நம் நாட்டு மருத்துவர்கள் பன்னெடுங்காலமாக உரமூட்டும் மருந்தாகக் கையாண்டு வருகின்றனர். ஆயுர்வேத மரபில் கம்பவாதத்திற்கும் அது சொல்லப்படுகிறது.

1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். தாமோதரன், ஆர். இராமசாமி ஆகிய இருவரும் இவ்விதையிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து, இங்கிலாந்தின் உயிர்வேதியியல் ஆய்விதழில் அறிவித்தனர். அப்பொருளே பிற்காலத்தில் லெவோடோப்பா என உலகறிந்த மருந்து. அதற்கு முன்பே, 1913-இல், குகன்ஹைம் என்னும் ஐரோப்பிய வேதியியலார் அதனை அவரை இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியிலிருந்து எடுத்திருந்தார். எனினும் நடுங்கும் கைக்கும் இப்பொருளுக்கும் உள்ள உறவை அன்று எவரும் அறிந்திலர். மருந்து கையில் இருந்தது. அது மருந்தென்னும் அறிவு மட்டும் இல்லை.

அவ்வறிவு பிறக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1950-களின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன், மூளையில் டோப்பமின் என்னும் பொருள் தனிப்பணி ஆற்றுவதைக் கண்டறிந்தார். அதற்காக 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு பெற்றார். 1960-இல் வியன்னாவில் ஹோர்னிக்கீவிச், இந்நோயால் இறந்தவர் மூளைகளில் டோப்பமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். டோப்பமின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, லெவோடோப்பா நுழையும், நுழைந்தபின் டோப்பமினாக மாறும். 1961-இல் அதனை ஊசிவழி ஏற்றியபோது, படுக்கையிலிருந்து எழ இயலாதோர் எழுந்து நடந்தனர். 1967-இல் அமெரிக்காவில் கோட்சியாஸ், அதனைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழி கொடுக்கும் முறையை நிலைநாட்டினார்.

மதகும் வாய்க்காலும்

அசைவு மூளையில் எவ்வாறு உருவாகிறது என்பதை ஏரிப்பாசனம் அறிந்த நமக்கு விளக்குதல் எளிது. மூளையின் ஆழத்தில் உள்ள நரம்புத் திரள்கள் மதகுகளைப் போல்வன. ஒரு வழி மதகைத் திறந்து வேண்டிய அசைவை விடுகிறது. மற்றொரு வழி மதகை அடைத்து வேண்டாத அசைவைத் தடுக்கிறது. டோப்பமின் முன்னதை ஊக்கிப் பின்னதைத் தணிக்கிறது. அது வற்றினால் அடைக்கும் வழி ஓங்குகிறது. எழ வேண்டும் என்னும் எண்ணம் இருந்தும் உடல் எழுவதில்லை.

அமெரிக்க நரம்பியல் அறிஞர் மாலன் டிலாங் குரங்குகளின் மூளையில் ஒவ்வோர் அணுவின் துடிப்பாகக் கேட்டு இச்சுற்றுகளை வரைந்தார். தலாமசுக்குக் கீழுள்ள சிறு திரள் ஒன்று மிகையாகத் துடிப்பதையும், அதை அடக்கினால் நோய்க்குறிகள் தணிவதையும் அவரும் உடன் ஆய்ந்தோரும் 1990-இல் வெளியிட்டனர். பிரான்சில் பெனாபித், மின்முனையைப் பொருத்தி அதே திரளை அடக்கும் சிகிச்சையை வளர்த்தார். இருவரும் 2014-இல் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டனர்.

இத்துறையில் தமிழகம் பின்தங்கி இருக்கவில்லை. சீர்காழியில் பிறந்த பி. இராமமூர்த்தி 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அவரும் வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோரும் 1960-களிலேயே அளவுகோல் சட்டத்தைத் தலையில் பொருத்தி, மூளையின் ஆழத்தில் குறித்த புள்ளியைச் சென்றடையும் அறுவையைச் செய்தனர். ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர்களுள் ஒருவரான கனகா, 1975-இலேயே ஆழ்மூளை மின்தூண்டலைச் செய்தவர் என்று போற்றப்படுகிறார். 2018-இல் அவர் மறைந்தார்.

தாளத்தின் துணை

கவிஞர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்நோயாளர் சிலர் வாயிற்படியில் கால் உறைந்து நின்றுவிடுவர். அருகில் ஒருவர் சீராகத் தாளம் தட்டினாலோ, தரையில் கோடுகள் கிழித்து வைத்தாலோ, அடி பெயரும். உள்ளிருந்து எழ வேண்டிய அசைவின் வழி அடைபட்டபோது, புறத்திலிருந்து வரும் குறிப்பு வேறு நரம்பு வழிகளைப் பயன்படுத்திக்கொள்கிறது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். சந்தம் செவிக்கு இன்பம் என்றே கற்றோம். அது காலுக்கும் துணையாகும் என்பது எனக்குப் புதிய பாடம்.

பூனைக்காலி விதைத்தூளை நோயாளர்க்குத் தந்து செய்த ஆய்வுகள் உண்டு. 2004-இல் இலண்டனில் வெளியான சிற்றாய்வு ஒன்றில் அது வழக்கமான மாத்திரையைவிட விரைந்து வேலை செய்யக் காணப்பட்டது. ஆயினும் விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும். மருத்துவர் துணையின்றி எவரும் உட்கொள்ளுதல் தகாது. மேலும், லெவோடோப்பா நோய்க்குறிகளைத் தணிக்குமே அன்றி, அணுக்களின் அழிவை நிறுத்தாது. அழிவை நிறுத்தும் மருந்து இன்னும் கண்டறியப்படவில்லை.

தாமோதரனும் இராமசாமியும் கண்ணாடிக் குடுவையில் கண்டதன் பொருள் விளங்கக் காலம் வேண்டியிருந்தது; அவர்கள்மீது குறையில்லை. நம் பதிவேட்டின் கையொப்பமோ மாதந்தோறும் நம் கண்முன் சிறுத்தது. சொல்லுக்குச் சொல் நுண்பொருள் தேடிய நாம், எழுதிய கையைப் பார்க்கவில்லை. அடுத்த பத்தாண்டில் நம்மிடையே ஒருவரின் எழுத்துச் சிறுத்தாலோ, குரல் தணிந்தாலோ, மனத்தாங்கல் என்று முடிவுகட்டாமல் அவர் அருகில் சென்று அமர்வோம். அவர் கவிதையை உரத்த குரலில் நாம் படிப்போம். வாயிற்படியில் அவர் நின்றால், தாளம் தட்டுவோம்.